மோரே தமிழரும் இந்திய – மியன்மார் எல்லைக் கொள்கையும்

மணிப்பூரின் தலைநகரான இம்பாலிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில், மியன்மாரின் தமு நகருக்கு எதிரே அமைந்தது மோரே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 17,000க்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழ்ந்த இவ்வூரில் குக்கியர், மெய்தியர், பங்கல் முஸ்லிம்கள், நேபாளியர், பஞ்சாபியர் ஆகியோருடன் தமிழரும் குடியிருக்கின்றனர். அங்காள பரமேசுவரி கோயிலும் தமிழ்ச் சங்கமும் அவர்களது இருப்புக்குச் சான்றுகள். இந்திய – மியன்மார் எல்லையில் நடமாட்ட உரிமையும் வாழிட உரிமையும் எவ்வாறு வரையறுக்கப்பட்டன, அவ்வரையறைகளில் இத்தமிழர் எங்கு நிற்கின்றனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எல்லையின் தோற்றம்

முதலாம் ஆங்கில – பர்மியப் போரை முடித்த யாண்டபோ உடன்படிக்கை 1826இல் கையெழுத்தானது. 1834இல் கபாவ் பள்ளத்தாக்கு பர்மாவிடம் ஒப்படைக்கப்பட்டபோது மணிப்பூரின் கிழக்கு எல்லை வரையப்பட்டது. பின்னர் பர்மா முழுவதும் பிரித்தானிய இந்தியாவின் மாகாணமாயிற்று. ஆதலின் 1937 ஏப்ரல் முதல் நாளில் பர்மா தனியாகப் பிரிக்கப்படும் வரை, சென்னையிலிருந்து இரங்கூன் சென்ற தமிழர் ஒரே ஆட்சிப் பரப்புக்குள் இடம்பெயர்ந்தவரே ஆவர். 1931இல் பர்மாவில் வாழ்ந்த இந்தியர் சுமார் 10 லட்சம் பேர். இரங்கூன் மக்கள் தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் அவர்களே. இந்தியக் குடிவரவைக் கட்டுப்படுத்த 1941இல் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. மறு ஆண்டே ஜப்பானியப் படையெடுப்பால் இந்தியர் பெருந்திரளாக வெளியேறினர். அவர்கள் கால்நடையாகக் கடந்த வழிகளுள் தமு – பலேல் வழியும் ஒன்று.

திரும்ப இயலாத திரும்புதல்

1962 மார்ச்சில் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த ஈராண்டுகளில் வணிக நிறுவனங்கள் அரசுடைமையாயின. 1964இல் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவையாயின. அப்பத்தாண்டில் ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர் நாட்டை விட்டு நீங்கினர். கப்பல்வழிச் சென்னை வந்த தமிழருள் சிலர் தாயகத்தில் வாழ வழி காணாது, பிறந்த மண்ணான பர்மாவுக்கே தரைவழியாகத் திரும்ப முயன்றனர். எல்லையில் தடுக்கப்பட்டு மோரேயில் தங்கினர். பர்மா அவர்களை அயலார் என்றது. தமிழகமோ அவர்களுக்குப் பழகாத ஊராயிற்று. பர்மிய மொழியறிவும் வணிகப் பயிற்சியும் எல்லைச் சந்தையில் அவர்களுக்கு முதலாயின.

இனமும் ஆண்டும்

எல்லையின் இருபுறமும் 40 கிலோமீட்டர் வரை வாழும் மலைவாழ் பழங்குடியினர் கடவுச்சீட்டின்றிச் சென்றுவர 1950இல் விதிவிலக்கு அளிக்கப்பட்டது. 1968இல் அனுமதிச்சீட்டு முறை வந்தது. 2004இல் தொலைவு 16 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. ஒரே இனத்தவரை எல்லை பிரித்துவிட்டமையால் எழுந்த இச்சலுகை நியாயமானதே. எனினும் எல்லைக்கு அப்பால் உறவினரைக் கொண்ட தமிழர் இதன் சட்டச் சொல்லாட்சியில் இடம்பெறவில்லை. நம்பாலோங் சந்தைக்குச் செல்லும் அன்றாட வழக்கமே அவர்களுக்கு வாயிலைத் திறந்துவைத்தது. மேலும், 1990களின் இன மோதல்களால் தமிழ்க் குடும்பங்கள் பல மோரேயை விட்டு நீங்கின.

2019 டிசம்பரில் உள்நுழைவு அனுமதி முறை மணிப்பூருக்கு விரிவாக்கப்பட்டது. வெளிமாநிலக் குடியேற்றத்தால் தம் நிலமும் அடையாளமும் குன்றுமென்ற மணிப்பூர் மக்களின் அச்சமே இதன் அடிப்படை. மாநிலத்தவர் யாரென வரையறுக்க 1961ஐ அடிப்படை ஆண்டாகக் கொள்ள மாநில அமைச்சரவை 2022 ஜூனில் முடிவெடுத்தது. மோரே தமிழரின் குடியேற்றமோ பெரும்பாலும் 1962க்குப் பிந்தியது. எந்த ஆட்சி மாற்றம் அவர்களை அங்குக் கொண்டுசேர்த்ததோ, அதற்கு முந்தைய ஆண்டே அளவுகோலாயிற்று.

வேலியும் குரலும்

2021ஆம் ஆண்டு மியன்மார் இராணுவப் புரட்சிக்குப் பின் அகதிகளின் வருகையும், போதைப்பொருள், ஆயுதக் கடத்தல் பற்றிய கவலையும் மிகுந்தன. 2023 மே மாதம் மூண்ட மணிப்பூர்க் கலவரம் மோரேயையும் தாக்கியது. 2024 பிப்ரவரியில் 1,643 கிலோமீட்டர் எல்லை முழுவதற்கும் வேலி அமைக்கவும் தடையற்ற நடமாட்ட முறையைக் கைவிடவும் இந்திய அரசு முடிவு செய்ததாக அறிவிக்கப்பட்டது. மணிப்பூர் அரசு இதனை வரவேற்றது. மிசோரம், நாகாலாந்து சட்டப்பேரவைகள் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. இரு தரப்புக்கும் பேரவை உண்டு. மோரே தமிழருக்கு உள்ளவை ஒரு கோயிலும் ஒரு சங்கமுமே.

முடிவுரை

எல்லைப் பாதுகாப்பு அரசின் கடமை. தொல்குடிகளின் உரிமை மறுக்கவொண்ணாதது. ஆயினும் இனத்தையும் ஆண்டையும் மட்டுமே அளவுகோலாகக் கொள்ளும் கொள்கையில், அரசுகளின் முடிவுகளால் எல்லையில் விடப்பட்டு ஆறு பத்தாண்டுகளாக அங்கேயே வாழும் சிறுபான்மையினருக்கு இடமில்லை. தொடர் வாழிடத்தையும் ஓர் அளவுகோலாக ஏற்பது இக்குறையை நீக்கும். முதல் தலைமுறையினர் அருகிவரும் இந்நாளில், அவர்களது குடும்ப ஆவணங்களையும் வாய்மொழிச் சான்றுகளையும் தொகுத்தல் தமிழியல் ஆய்வின் உடனடிப் பணியாகும். வாழிட உரிமையை நிறுவும் சான்றும் அதுவே.