களவும் கற்பும் இடம்மாறிய கதை

அகப்பொருள் மரபிலே காதல் களவாய்த் தொடங்கிக் கற்பாய் நிறைவுறும். இருவரிடையே மறைவாய் வளர்ந்த அன்பு ஊரார் வாயில் அலராகிப் பின்னர் மணமாகும். பொய்யும் வழுவும் தலைகாட்டிய பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்பது தொல்காப்பியர் கருத்து. பொய்யைத் தடுக்க எழுந்த அம்மணத்தையே பொய் தன் வேடமாக அணிந்தால் யாது நிகழும்?

இவ்வினாவுக்கு விடையாக அமைந்தது 1955இல் எல்.வி. பிரசாத் இயக்கிய ‘மிஸ்ஸியம்மா’ திரைப்படம். ரவீந்திரநாத் மைத்ராவின் வங்க நாடகமொன்றே அதன் மூலம். அது தெலுங்கிலும் அதே ஆண்டிலும், இந்தியில் 1957இலும் படமாயிற்று. கிராமப் பள்ளியொன்று பட்டதாரித் தம்பதியரை ஆசிரியராகக் கோருகிறது. வேலையற்ற பாலுவும், கடன் நெருக்கடியிலுள்ள கிறிஸ்தவப் பெண் மேரியும் கணவன் மனைவியராக நடித்து அப்பணியைப் பெறுகின்றனர்.

இங்கு மரபின் ஒழுங்கு தலைகீழாகின்றது. ஊரறிந்த இல்லறம் முதலில், காதல் பின்னர். பொய் வெளிப்படையாக உலவ, மெய்யான அன்பே களவாகி, ஒருவரிடமிருந்து ஒருவர் மறைக்கும் பொருளாகின்றது. ஆய்வு மாணவியொருத்தி பேராசிரியருடன் காதல் நடிப்பதாக அமைந்த அலி ஹேசல்வுட்டின் நாவல் (2021) வரை, இவ்வகைக் கதைகளின் கவர்ச்சி இத்தலைகீழாக்கத்திலேயே தங்கியுள்ளது. அலருக்கு அஞ்சும் சமூகத்தில் இக்கவர்ச்சி மேலும் ஆழமானது. எம்பிலிப்பிட்டியவை உள்ளடக்கிய இரத்தினபுரி மாவட்டத்தின் தோட்டங்களிலே, லயன் அறையின் சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் வாழ்கின்றது. அத்தகைய சூழலில் இருவர் ஊரறியப் பழக உரிமை பெறுவதே ஒரு கனவாகும். ‘இது நடிப்பே’ என்னும் சொல் அவ்வுரிமையை வழங்குவதோடு, நாணத்துக்கும் காவலாகின்றது.

எனினும், ‘மிஸ்ஸியம்மா’வின் முடிவு ஆராயத்தக்கது. மேரி, பள்ளி உரிமையாளரின் காணாமற்போன மகள் மகாலட்சுமியே என்று தெரியவருகின்றது. மதத்தடை வெல்லப்படவில்லை, அத்தடை இருந்ததேயில்லை என்று கதை சொல்லிவிடுகின்றது. நடிப்பின் மறைவிலே எல்லையைக் கடக்கத் துணிந்த கதை, நடிப்புக் கலைந்ததும் அவ்வெல்லைக்கே பணிந்தது. போலிக் காதற் கதையை மதிப்பிட வேண்டிய இடம் இதுவே. வேடம் தந்த துணிவு வேடம் கலைந்த பின்னும் நிற்கின்றதா என்பதே அதற்குரிய உரைகல்.