முடக்குவாதம்: விரைந்து வந்த மருந்தும் காத்திருந்த மருந்தும்

உங்கள் வலக்கையை ஒரு முறை மூடித் திறந்து பாருங்கள். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை அந்த ஒரு கையில் மட்டும் 27 எலும்புகள் இருக்கின்றன. அவை ஒன்றன்மீது ஒன்று உராயாமல் வழுக்கி இயங்குவதால்தான் நீங்கள் பேனா பிடிக்கிறீர்கள். சட்டைக்குப் பொத்தான் போடுகிறீர்கள். சோற்றைப் பிசைந்து உண்கிறீர்கள். அந்தக் கை ஒரு நாள் காலையில் மரக்கட்டைபோல் விறைத்துக் கிடந்தால்? எழுந்து ஒரு மணி நேரமாகியும் விரல்கள் மடங்க மறுத்தால்? முடக்குவாதம் என்னும் நோய் பெரும்பாலும் இப்படித்தான் தன் வருகையை அறிவிக்கிறது.

மூட்டுவலி என்றாலே முதுமையின் விளைவு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். முதுமையில் குருத்தெலும்பு தேய்வதால் வரும் முழங்கால் வலி வேறு, முடக்குவாதம் வேறு. பின்னது முப்பது, நாற்பது வயதினரையும் தாக்கும். ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாகக் காணப்படும். உலகில் நூறு பேர் முதல் இருநூறு பேருக்கு ஒருவர் என்ற அளவில் இந்நோய் உள்ளது. நம் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே வழி தவறி, மூட்டுகளின் உட்சவ்வைப் பகையென்று கருதித் தாக்குவதுதான் இந்நோய். சவ்வு வீங்குகிறது; வீங்கிய சவ்வு குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது; விரல்கள் கோணுகின்றன.

இந்நோயை அடக்க மனிதன் நடத்திய போராட்டத்தில் இரண்டு மருந்துகளுக்குச் சிறப்பிடம் உண்டு. ஒன்று வந்த நாளிலேயே உலகப் புகழ் பெற்றது. மற்றொன்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் மூலையில் கிடந்தது. அவற்றின் கதையைத் தெரிந்துகொண்டால், மூட்டு நோய்க்குத் தனி மருத்துவம் ஏன் தேவை என்பதும் நமக்கு விளங்கும்.

பெயர் சூட்டிய கதை

நம் நாட்டு மருத்துவம் மூட்டு நோய்களை ‘வாதம்’ என்னும் தலைப்பில் அடக்கியது. ஐரோப்பியர் ‘ரூமாடிசம்’ என்றனர். இச்சொல்லின் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு ‘ஒழுகுவது’ என்று பொருள். உடலில் ஏதோ ஒரு தீய நீர் ஒழுகி மூட்டுகளில் தேங்குவதாக அவர்கள் நம்பினர். இரு பெயர்களுக்குள்ளும் பல நோய்கள் கலந்து கிடந்தன.

1800ஆம் ஆண்டில் பாரீஸ் நகரின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய லாண்ட்ரே-போவே என்னும் இளம் மருத்துவர், ஒன்பது பெண் நோயாளிகளை ஆராய்ந்து, அவர்களுடைய நோய் அதுவரை அறியப்பட்டிருந்த கவுட் நோயினின்றும் வேறுபட்டது என்று எழுதினார். 1848இல் லண்டனைச் சேர்ந்த ஆல்ஃபிரட் காரட், கவுட் நோயாளிகளின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். முடக்குவாத நோயாளிகளிடம் அந்த மிகுதி இல்லை. எனவே 1859இல் அவர் இந்நோய்க்கு ‘ரூமாடாய்ட் ஆர்த்ரைட்டிஸ்’ என்று தனிப் பெயர் சூட்டினார். இன்றும் உலகெங்கும் வழங்குவது இப்பெயரே.

பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. 1899இல் விற்பனைக்கு வந்த ஆஸ்பிரின் வலியைக் குறைத்தது. ஆனால் மூட்டு அரிக்கப்படுவதைத் தடுக்கவில்லை. பற்களிலும் உள்நாக்குச் சதையிலும் ஒளிந்திருக்கும் கிருமிகளே காரணம் என்ற கொள்கை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. அதை நம்பி, எத்தனையோ நோயாளிகளின் நல்ல பற்கள் பிடுங்கப்பட்டன. பற்கள் போயின, நோய் போகவில்லை. 1929இல் ஃபிரான்சு நாட்டின் ஜாக் ஃபாரஸ்டியே, தங்க உப்புகளை ஊசிமூலம் செலுத்திப் பயன் கண்டதாக அறிவித்தார். காசநோய்க்குத் தரப்பட்ட மருந்து அது. முடக்குவாதமும் காசநோயைப் போன்றது என்று அவர் எண்ணியது தவறு. ஆயினும் மருந்து சிலருக்குப் பயன்பட்டது. பின்னர் பல பத்தாண்டுகள் அது வழக்கில் இருந்தது.

மஞ்சள் காமாலை தந்த துப்பு

அதே 1929ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவமனையில் ஒரு வியப்பான செய்தி வெளிப்பட்டது. அங்கே வாத நோய்ப் பிரிவின் தலைவராக இருந்தவர் ஃபிலிப் ஹென்ச். அவரிடம் வந்த 65 வயது நோயாளி தாமே ஒரு மருத்துவர். தமக்கு மஞ்சள் காமாலை கண்டதும் முடக்குவாத வலி குறையத் தொடங்கிற்று என்றும், காமாலை நீங்கிய பின்னரும் பல மாதங்கள் வலியின்றி இருந்ததாகவும் அவர் கூறினார்.

வேறு ஒருவராக இருந்தால் இதைத் தற்செயல் என்று ஒதுக்கியிருப்பார். ஹென்ச் ஒதுக்கவில்லை. காமாலை கண்ட மற்ற முடக்குவாத நோயாளிகளையும் தேடிக் கவனித்தார். பலரிடம் அதே மாற்றம் தெரிந்தது. கருவுற்ற பெண்கள் பலருக்கும் அக்காலத்தில் நோய் தணிவதையும் கண்டார். இதிலிருந்து அவர் அறிந்த உண்மை மிகப் பெரிது. தானே தணியக்கூடிய நோய் என்றால் அது மீள முடியாத நோயாக இருக்க இயலாது! நோயைத் தணிக்கும் ஏதோ ஒரு பொருளை உடலே ஆக்குகிறது. அதற்கு அவர் ‘எக்ஸ் பொருள்’ என்று பெயரிட்டார். காமாலை இரு பாலருக்கும் வரும். கருப்பமோ பெண்களுக்கு மட்டுமே உண்டு. ஆகவே அப்பொருள் காமாலைக்கு மட்டும் உரியதன்று, பெண்களுக்கு மட்டும் உரியதுமன்று. இரு பாலர் உடலிலும் இருக்கும் ஒரு ஹார்மோனாக இருக்கலாம் என்று அவர் ஊகித்தார்.

அதே மேயோ மருத்துவமனையில் எட்வர்டு கெண்டால் என்னும் வேதியியலார் இருந்தார். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை அவர் ஆராய்ந்து வந்தார். இறைச்சிக் கூடங்களிலிருந்து மாட்டுச் சுரப்பிகளைப் பெருமளவில் தருவித்து, அவற்றிலிருந்து பல பொருள்களைப் பிரித்து, ஏ, பி, ஈ, எஃப் என்று எழுத்துகளால் குறித்தார். சுவிட்சர்லாந்தில் தாடியஸ் ரைக்ஸ்டைனும் இதே துறையில் உழைத்தார். ‘ஈ’ என்ற பொருளை முடக்குவாதத்துக்குத் தந்து பார்க்க வேண்டும் என்று 1941இல் ஹென்சும் கெண்டாலும் பேசி முடிவு செய்தனர். ஆனால் அதற்குப் போதிய அளவு கையில் இல்லை. மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரட் 1944இல் மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் அதை ஆக்கிக் காட்டிய பிறகே வழி பிறந்தது.

1948 செப்டம்பர்

1948 செப்டம்பர் 21ஆம் நாள், படுக்கையோடு முடங்கியிருந்த 29 வயதுப் பெண்ணொருவருக்கு முதல் ஊசி போடப்பட்டது. அளவு 100 மில்லிகிராம். சில நாள்களில் விறைப்பு விலகியது. ஒரு வாரத்துக்குள் அவர் எழுந்து கடைத்தெருவுக்குச் சென்று வந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் 14 நோயாளிகளின் அனுபவம் வெளியிடப்பட்டது. ஊசிக்கு முன்னும் பின்னும் அவர்கள் நடந்ததைப் படமாக எடுத்துத் திரையிட்டுக் காட்டினர். ‘ஈ’ பொருளுக்குக் கார்டிஸோன் என்ற பெயர் வந்தது. 1950ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு கெண்டால், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. கண்டுபிடித்து இரண்டே ஆண்டுகளில் நோபெல் பரிசு!

தொடக்கத்தில் ஒரு கிராம் 200 டாலர் விலை விற்றது. 1952இல் அப்ஜான் நிறுவனத்தின் பீட்டர்சனும் மர்ரேயும், ஒருவகைப் பூஞ்சையைக் கொண்டே கடினமான வேதிப் படியொன்றை முடிக்கும் வழியைக் கண்டனர். விலை வேகமாகச் சரிந்தது.

வெற்றியின் விலை

ஆனால் சில மாதங்களிலேயே வெற்றியின் மறுபக்கம் தெரிந்தது. ஊசியை நிறுத்தினால் நோய் திரும்பியது. தொடர்ந்து பெரிய அளவில் தந்தால் முகம் முழுநிலாபோல் உப்பியது. எலும்புகள் வலுவிழந்து முறிந்தன. இரத்தத்தில் சர்க்கரை ஏறியது. கிருமித் தொற்றுகள் எளிதில் புகுந்தன. சிலருக்கு மனம் பேதலித்தது. வெளியிலிருந்து ஹார்மோன் தாராளமாக வரவே, உடலின் சொந்த அட்ரினல் சுரப்பி சோம்பிச் சுருங்கியது. அந்நிலையில் மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகும்.

ஹென்ச் ஏமாந்தாரா? இல்லை. கார்டிஸோன் நோயை வேரறுக்கும் மருந்தன்று என்று அவர் முதலிலேயே எச்சரித்திருந்தார். நடக்க முடியாதவர் நடந்ததைப் படத்தில் கண்ட உலகம்தான் எச்சரிக்கையைக் காதில் வாங்கவில்லை.

காத்திருந்த மருந்து

இனி இரண்டாவது மருந்துக்கு வருவோம். இதன் வரலாற்றில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அமெரிக்கா சென்ற அவர் 1940 முதல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அவர் தலைமையில் இயங்கிய குழு ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினை ஆக்கியது. பிறகு அதன் போலி உருவங்களையும் ஆக்கியது. போலிச் சாவி பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காது. உண்மைச் சாவி நுழையவும் இடம் விடாது. அதுபோல் இப்பொருள்கள் விரைந்து பெருகும் செல்களை முடக்கின. அவற்றுள் ஒன்றான அமினாப்டெரினைக் கொண்டு பாஸ்டன் நகரின் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார். அந்த ஆய்வு வெளிவந்த 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சுப்பாராவ் காலமானார். அடுத்த மாதம்தான் ராச்செஸ்டரில் கார்டிஸோனின் முதல் ஊசி போடப்பட்டது.

1951இல் கப்னர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் துணைவர்களும் அமினாப்டெரினை முடக்குவாத நோயாளிகள் சிலருக்குத் தந்து பயன் கண்டனர். ஆனால் அதைக் கேட்பார் இல்லை. எல்லார் கண்ணும் கார்டிஸோன்மீது இருந்தது. மேலும், புற்றுநோய் மருந்தை மூட்டு நோய்க்குத் தருவதா என்ற அச்சமும் இருந்தது. அமினாப்டெரினின் உடன்பிறப்பான மெதோட்ரெக்ஸேட்டைத் தோல் மருத்துவர்கள் மட்டும் சொரியாசிஸ் நோய்க்குப் பயன்படுத்தி வந்தனர்.

1970களில் ஒரு சில வாத நோய் மருத்துவர்கள் இதை மீண்டும் கையிலெடுத்தனர். புற்றுநோய்க்குத் தருவதைவிட மிகக் குறைந்த அளவு. அதுவும் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். 1985இல் மைக்கேல் வைன்பிளாட்டும் அவர் குழுவினரும், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு நடத்திய சோதனையில் இதன் பயனை மெய்ப்பித்தனர். 1988இல் அமெரிக்க அரசு இதை முடக்குவாத மருந்தாக ஏற்றது. கப்னரின் முயற்சிக்குப் பின் 37 ஆண்டுகள்! இடைப்பட்ட காலத்தில் எத்தனை விரல்கள் கோணிப் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வல்லுநரின் வேலை என்ன?

மெதோட்ரெக்ஸேட் மெல்ல வேலை செய்யும் மருந்து. பயன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். ஆனால் அது வலியோடு நிற்காமல், மூட்டு அரிக்கப்படுவதையும் குறைக்கிறது. விலையும் குறைவு. இன்று பெரும்பாலான முடக்குவாத நோயாளிகளுக்கு முதலில் தரப்படுவது இதுவே. ஃபோலிக் அமில மாத்திரையும் உடன் தருவார்கள். கல்லீரலையும் இரத்த அணுக்களையும் கண்காணிக்க அடிக்கடி இரத்தச் சோதனை வேண்டும். கருவுற்றவர்கள் இதை உட்கொள்ளவே கூடாது. வாரம் ஒரு முறை உண்ண வேண்டியதைத் தவறுதலாக நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

கார்டிஸோன் இனத்து மருந்துகளும் மறைந்துவிடவில்லை. மெதோட்ரெக்ஸேட் வேலை செய்யத் தொடங்கும்வரை, சிறிய அளவில், குறுகிய காலத்துக்கு அவை தரப்படுகின்றன. முயலும் ஆமையும் இப்போது பந்தயம் ஓடவில்லை. முயல் முதல் சில வாரங்கள் சுமந்து வந்த பாரத்தை ஆமை வாங்கிக்கொள்கிறது.

இவற்றாலும் அடங்காத நோய்க்கு வேறு மருந்துகள் வந்துள்ளன. வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற பொருளைத் தடுக்கும் மருந்தை, லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் பஞ்சாபில் பிறந்த ரவீந்தர் மைனியும் 1992இல் முதன்முதலாக முடக்குவாத நோயாளிகளுக்குத் தந்து வெற்றி கண்டனர்.

ஆனால் எந்த மருந்தும், அரித்துப்போன எலும்பைப் பழையபடி ஆக்கித் தருவதில்லை. அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே இங்கே காலமும் ஒரு மருந்துதான். நோய் முடக்குவாதமா, கவுட்டா, தேய்மானமா என்று பிரித்தறிவது, எந்த மருந்தை எவ்வளவு காலம் தருவது என்று முடிவு செய்வது, ஓரிரு மாதங்களுக்கொரு முறை வீக்கத்தை அளந்து மருந்தை மாற்றுவது: இவையே வாத நோய் வல்லுநரின் வேலை.

உங்கள் வீட்டில் யாருக்கேனும் காலையில் கைவிரல் மூட்டுகள் வீங்கி, விறைப்பு அரைமணிக்கு மேல் நீடித்து, அது சில வாரங்களாகத் தொடர்கிறதா? வயதாகிவிட்டது என்று சமாதானம் சொல்லாதீர்கள். ஒரே நாளில் வலியைப் போக்குவதாகச் சொல்லும் பெயர் தெரியாத மாத்திரையையும் வாங்கித் தராதீர்கள்; அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முப்பது ஆண்டுகள் கிடப்பில் கிடந்த மருந்து இன்று கைக்கெட்டும் விலையில் இருக்கிறது. இனிமேலும் அதைக் காத்திருக்க வைக்கத் தேவையில்லை.