லவெண்டர் தோட்டமும் கீரிமலைச் செம்மண்ணும்



ஒவ்வொரு வருடமும் ஜூலை மாதத்தில் எமது பிள்ளைகளின் கைபேசிகளில் ஊதா நிற வயல் ஒன்று வலம் வரும். ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், ஃபுரானோ பிரதேசத்தில் டொமிட்டா குடும்பம் நடத்தும் லவெண்டர் தோட்டம் அது. "சேர், இப்படி ஒரு தோட்டம் எங்கட பக்கம் இல்லையா?" என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. அதற்குப் பதிலாகத்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அந்த ஜப்பானியக் குடும்பத்தின் கதை. 1903இல் காடு வெட்டி நிலம் திருத்தியவர்கள் அவர்கள். மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த டடாவோ டொமிட்டா 1958இல் லவெண்டர் பயிரிடத் தொடங்கினார். அப்போது அது பார்ப்பதற்கான பூ அல்ல. வாசனை எண்ணெய் எடுக்க கம்பனிகளுக்கு விற்கும் பணப்பயிர். 1970 அளவில் அந்தப் பிரதேசத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அதைச் செய்தன. பிறகு வெளிநாட்டு எண்ணெய் மலிவாக இறக்குமதியானது, செயற்கை வாசனையும் வந்தது. கம்பனிகள் கொள்வனவை நிறுத்தின. அயலவர்கள் ஒவ்வொருவராகச் செடியைப் பிடுங்கி வேறு பயிருக்குப் போனார்கள். டொமிட்டாவும் உழுது அழிக்க நினைத்து, மனம் வராமல் விட்டுவிட்டார். 1976இல் ஜப்பான் தேசிய ரயில்வேயின் கலண்டரில் அந்த வயலின் படம் வந்தது. அதைப் பார்த்து மக்கள் தேடி வரத் தொடங்கினார்கள். தோட்டம் தப்பியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சந்தை கைவிட்ட பிறகும் குடும்பம் நிலத்திலேயே இருந்தது. இருந்தபடியால்தான் அதிர்ஷ்டம் வந்தபோது கதவு திறக்க ஆள் இருந்தது.

இனி எமது பக்கம் வருவோம். லவெண்டருக்குச் சுண்ணாம்புத் தன்மையுள்ள, நீர் தேங்காத மண் பிடிக்கும். அது கீரிமலையில் தாராளம். ஆனால் அதற்குக் குளிர்காலமும் வேண்டும். அதை எங்கே தேடுவது? ஆகவே லவெண்டர் இங்கே இல்லை. ஆனால் பல தலைமுறைகளாக ஒரு குடும்பமே சேர்ந்து நட்டு, உலர்த்தி, கடல் கடந்து விற்ற வாசமுள்ள பயிர் ஒன்று இங்கே இருந்தது. அது புகையிலை.

புகையிலையைப் புகழ நாம் வரவில்லை. அது உடலுக்குச் செய்யும் கேட்டை வகுப்பில் படிப்பிப்பவர்களும் நாம்தான். ஆனால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் வரலாற்றை அந்த இலையை விட்டுவிட்டு எழுத முடியாது.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள், ஒல்லாந்தர் 1658இல் கோட்டையைக் கைப்பற்றினார்கள். ஒல்லாந்தர் காலத்தில் குடாநாட்டின் முக்கிய பணப்பயிராகப் புகையிலை வளர்ந்தது. பெரிய சந்தை திருவிதாங்கூர். வெற்றிலையோடு மெல்லும் புகையிலை இங்கிருந்து தோணியில் மலையாளக் கரைக்குப் போனது. திருவிதாங்கூர் அரசு அந்த வியாபாரத்தைத் தன் ஏகபோகமாக வைத்து வருமானம் எடுத்தது. 1863இல் திவான் மாதவராவ் காலத்தில்தான் அந்த ஏகபோகம் நீக்கப்பட்டது. வலிகாமத்துக் கல்வீடுகள் பலவற்றின் அத்திவாரத்தில் மலையாளத்துக் காசும் இருக்கிறது.

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் உள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. அந்த நீர்தான் கிணற்றில் வருகிறது. கீரிமலைக் கேணியில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறி வருவதும் இதே காரணத்தால்தான். அளவுக்கு மேல் இறைத்தால் உவர் மேலே வரும். ஆகவே தண்ணீரைக் கணக்காகப் பாவிக்க வேண்டும் என்ற பாடத்தை இந்த மண்ணே கற்றுக்கொடுத்தது.

அண்மையில் நாம் சில ஆசிரியர்கள் சேர்ந்து, கீரிமலைப் பக்கம் மீளக் குடியேறிய ஒரு குடும்பத்தின் தோட்டத்தைப் பார்க்கப் போயிருந்தோம். தகப்பன், தாய், மகன், மருமகள் நால்வரும் செய்யும் தோட்டம். காணி எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர். வெங்காயம், பீற்றூட், கொஞ்சம் மரவள்ளி. பெரியவர் எம்மை "வாங்கோ மாஸ்டர்மார்" என்று அழைத்து, முதலில் கிணற்றைத்தான் காட்டினார்.

"முந்தி இதிலை துலா நிண்டது. ஒராள் துலா மிதிக்க, ஒராள் பட்டை பிடிக்க, ஒராள் தண்ணி மாறவேணும். மூண்டு பேர் இல்லாமல் தோட்டம் இல்லை" என்றார். ஒரு தோட்டம் ஏன் குடும்பத் தொழிலாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் பாடப்புத்தகத்தில் கிடையாது. பூவரசங் குழை தாழ்த்தியதையும், மாட்டுப்பட்டி அடைத்து மண்ணை உரமாக்கியதையும், தேங்காய்ப் பொச்சு மட்டையில் புகை போட்டு இலையைப் பதப்படுத்தியதையும் அவர் சொல்லச் சொல்ல, மகனும் எம்மோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் அதில் பாதி புதிது. அவர் பிறந்ததும் வளர்ந்ததும் இடம்பெயர்ந்த ஊர்களில்.

மலையாளச் சந்தை சுங்க வரியாலும் அங்கு மாறிய பழக்கத்தாலும் மெல்ல மெல்லச் சுருங்கியது. தோட்டக்காரர்கள் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மாறினார்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலம் இங்கே செழிப்பான காலம். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து விலை விழுந்தது. அப்போதும் தோட்டம் நின்றுவிடவில்லை. வேறு பயிர், வேறு சந்தை என்று குடும்பங்கள் சமாளித்தன. ஃபுரானோவில் நடந்ததுபோல் இங்கேயும் சந்தை கைவிட்டது, அதுவும் இரண்டு தடவை. ஆனாலும் சந்தையால் இந்தத் தோட்டங்கள் அழியவில்லை.

அழிந்தது 1990இல். அந்த ஜூன் மாதம் யுத்தம் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினார்கள். பின்னர் அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் அந்த வருடத்தோடு நின்றது. 2009க்குப் பிறகு காணிகள் துண்டு துண்டாகத்தான் விடுவிக்கப்பட்டன. திரும்பி வந்தவர்கள் கண்டது பற்றைக்காடு, தூர்ந்த கிணறு, எல்லைக்கல் இல்லாத வெளி. வேலி இருந்த இடத்தைப் பெரியவர் ஒரு பழைய பனை மரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தாராம்.

அதே வருடம் ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களாகிய எமக்கு விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்தார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் விரட்டப்பட்டனர். சோனகத் தெருவிலிருந்து புத்தளத்து உப்புக் காற்றுக்குப் போன கதை உங்களில் பலருக்கு வீட்டுக் கதை. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30இல், இராணுவம் முன்னேறியபோது வலிகாமத்து மக்கள் முழுப்பேரையும் புலிகள் தென்மராட்சிக்கு நகரச் சொன்னார்கள். கீரிமலையிலிருந்து ஏற்கெனவே இடம்பெயர்ந்திருந்தவர்கள் அன்று இரண்டாம் தடவை நடந்தார்கள்.

இரண்டு துயரமும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. எம்மை விரட்டியது யார், ஏன் என்ற கேள்விக்கு இன்னும் முறையான பதில் கிடைக்கவில்லை. அதை மறைத்துவிட்டு நல்லிணக்கம் பேச முடியாது. ஆனால் அந்தப் பெரியவர் பனை மரத்தை வைத்து வேலியைத் தேடியதும், எமது மூத்தவர்கள் இடிந்த சுவரை வைத்து வீட்டைத் தேடியதும் ஒரே விதமான தேடல்தான்.

"தோட்டம் எங்கட வரலாறு இல்லை, நாங்கள் யாவாரச் சனம்" என்று எம்மவர் சிலர் சொல்வதுண்டு. அது அரைகுறைக் கணக்கு. தோட்டக்காரர் மண்வெட்டியும் வாளியும் கப்பியும் கயிறும் வாங்க வந்தது யாழ்ப்பாணம் பட்டினத்தின் இரும்புக் கடைகளுக்கு. அந்த வியாபாரத்தில் முஸ்லிம்களின் பங்கு பெரியது. வெங்காயம் நல்ல விலை போன வருடம் எமது தையல் கடைகளிலும் வேலை கூடியது. ஒரு பொருளாதாரத்தில் ஒருவர் கை வெட்டப்பட்டால் மற்றவருக்கும் நோகும்.

உறவுகளே, இதில் எமக்கு வேலை இருக்கிறது. தேசவழமைச் சட்டம் 1707இல் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறு. ஆனால் காணி உறுதி என்பது எல்லோருக்கும் பொது. உறுதியிலே ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர் உண்டு, நான்கு எல்லை உண்டு. அந்தப் பெயர்களை வாயால் சொல்லக்கூடியவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள்.

ஆகவே இந்த விடுமுறையில் மூன்று காரியம் செய்யுங்கள். வீட்டில் உள்ள உறுதியை எடுத்துப் பிரதி செய்து, அதில் உள்ள காணிப் பெயரைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். வாப்பா, உம்மா, மூத்தம்மா யாராவது இருந்தால், வீடும் கடையும் எந்த ஒழுங்கையில், யாருடைய காணிக்குப் பக்கத்தில் இருந்தன என்று கேட்டுக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். முடிந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை கீரிமலைப் பக்கத் தோட்டம் ஒன்றுக்குப் போய், அங்குள்ளவர்களோடு கதைத்து, திரும்பும்போது இரண்டு கிலோ வெங்காயம் வாங்கி வாருங்கள்.

அவர்கள் தோட்டத்தில் ஊதா நிறப் பூ இருக்காது. ஆனால் தண்ணி மாறத் தெரிந்த ஒருவர் இன்னும் இருக்கிறார்.