கூந்தலின் குறை சுருளா, வறட்சியா?

மகாபாரதத்தின் சபா பர்வத்தில் துச்சாதனன் திரௌபதியின் கூந்தலைப் பற்றி இழுக்கும் இடம், இந்திய இலக்கியத்தில் கூந்தல் பற்றிய மிகப் புகழ்பெற்ற காட்சி. வடமொழி மூலம் அந்தக் கூந்தலுக்கு அங்கே மூன்று அடைமொழிகளைத் தருகிறது: தீர்க்கம், நீலம், ஊர்மிமத். நீண்டது, கருநீலமானது, அலைகளை உடையது என்பது பொருள். பின்னர் உத்யோக பர்வத்தில், தூது செல்லவிருக்கும் கண்ணன் முன் திரௌபதி தன் கூந்தலை இடக்கையில் ஏந்தி நிற்கிறாள். அப்போதும் அதன் நுனி வளைந்திருந்தது என்று காவியம் குறிப்பிடத் தவறவில்லை. நீண்ட, இயல்பிலேயே சுருண்ட கூந்தல் அது. இன்றைய அழகு நிலையங்களின் வழக்கில் சொன்னால், 'ஸ்ட்ரெய்ட்னிங்' தேவைப்படும் கூந்தல்.

சுருள் கூந்தலைக் கெடுக்காமல் நேராக்குவது எப்படி என்ற கேள்வி இன்று இந்திய நகரங்களில் அன்றாடம் எழுகிறது. அதற்கு விடை காணுமுன் அதற்குள் மறைந்திருக்கும் இன்னொரு கேள்வியைப் பிரித்தெடுக்க வேண்டும். கூந்தலில் குறையாகக் கருதப்பட்டது எது? பழைய நூல்களும் சிற்பங்களும் இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கின்றன.

சுருளுக்கு இருந்த மதிப்பு

வடமொழியில் சுருள்முடிக்குத் தனிப்பெயர் உண்டு, அது 'அளகம்'. அமரகோசம் அதற்குச் 'சூர்ணகுந்தலம்' என்று ஒரு பொருட்சொல் தருகிறது. நெற்றியிலும் கன்னத்திலும் வளைந்து விழும் கற்றைகளை அளகம் என்றே காவியங்கள் பாடின. தமிழ் மரபும் இதற்கு விலக்கன்று. ஆற்று நீர் வடிந்தபின் கருமணலில் படியும் அலைவரிகளுக்கு 'அறல்' என்று பெயர். சங்கப் பாடல்கள் கூந்தலுக்கு அந்த அறலை உவமையாக்கின. கூந்தலை முடிக்கும் ஐந்து வகைகளை 'ஐம்பால்' என்று தொகுத்த மரபு, முடி, கொண்டை, குழல், பனிச்சை ஆகியவற்றோடு சுருளையும் சேர்த்தே எண்ணியது.

சிற்பிகளின் உளியும் இதையே சொல்கிறது. காந்தாரப் புத்தர் சிலைகளில் கூந்தல் அலையலையாக ஓடுகிறது. குப்தர் காலத்துச் சாரநாத் புத்தரின் தலை முழுவதும் நத்தைச் சுருள்கள் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. இல்லறம் துறந்த சித்தார்த்தர் வாளால் கூந்தலை அரிந்தபோது எஞ்சிய மயிர் வலமாகச் சுருண்டது என்றும், அதன்பின் அது வளரவேயில்லை என்றும் பாலி மொழியின் நிதான கதை கூறும். சிரவணபெளகொளாவில் கங்க அமைச்சர் சாவுண்டராயர் 981ஆம் ஆண்டளவில் எழுப்பிய 57 அடி உயரக் கோமதேசுவரரின் தலையிலும் சுருள்களே உள்ளன. தலைமயிரைக் கையால் பறித்தெறிவதைத் துறவின் அடையாளமாகக் கொண்ட சமணமும் தன் மாவீரனைச் சுருள்முடியோடுதான் கற்பனை செய்தது.

பெண்ணுருவங்களில் இது இன்னும் நுட்பமாகப் பதிவாகியிருக்கிறது. காசியின் ராஜ்காட் மேட்டிலும், உத்தரப் பிரதேசத்தின் அகிச்சத்திரத்திலும் கிடைத்த குப்தர் காலச் சுடுமண் உருவங்களை ஆராய்ந்த வாசுதேவ சரண் அகர்வாலா, அவற்றின் கூந்தல் ஒப்பனைகளைச் சமகாலக் காவியச் சொற்களோடு பொருத்திக் காட்டினார். புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள அகிச்சத்திரத்துப் பார்வதியின் தலையில், நெற்றியை ஒட்டி வரிசையாகச் சுருள்கள் வனையப்பட்டுள்ளன. சுருள் என்பது சீப்பும் விரலும் கொண்டு வரிசைப்படுத்தப்பட்ட ஓர் அணியாகவே அங்கே நிற்கிறது.

குறை என்று சொல்லப்பட்டது எது?

காளிதாசரின் மேகதூதத்தில், இராமகிரியில் தவிக்கும் யட்சன் தொலைவில் இருக்கும் மனைவியைக் கற்பனையில் காண்கிறான். எண்ணெயின்றி வெறும் நீரில் குளித்துக் குளித்து அவளது அளகம் கரடுமுரடாகிக் கன்னத்தில் விழுந்திருக்கும் என்று வருந்துகிறான். அங்கே அவனை வருத்துவது 'பருஷம்', அதாவது சொரசொரப்பு. அளகம் சுருண்டிருப்பதைப் பற்றி அவனுக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அதே காவியத்தில் உச்சயினி நகரின் சாளரங்கள் வழியே, பெண்கள் கூந்தலுக்கு ஊட்டும் நறும்புகை வெளியேறி மேகத்தின் உடலைப் பருக்கச் செய்கிறது. எண்ணெய் பூசி, புகையில் உலர்த்தி, மணமூட்டப்பட்ட கூந்தல் ஒருபுறம். பிரிவால் பேணப்படாமல் வறண்ட கூந்தல் மறுபுறம். காளிதாசர் காட்டும் வேறுபாடு இவ்வளவே.

மருத்துவ நூல்கள் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கின்றன. சுசுருத சம்ஹிதையின் சாரீர ஸ்தானம் மனித இயல்புகளை வகைப்படுத்தும்போது, வாத இயல்பினருக்கு வறண்ட மயிரையும், கப இயல்பினருக்கு உறுதியான, சுருண்ட, கருநிற மயிரையும் குறிக்கிறது. கப இயல்பினர் அந்நூலின் பார்வையில் உடலுறுதியும் செல்வப் பொலிவும் உடையோர். சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானம், நாள்தோறும் தலைக்கு எண்ணெய் இட்டால் மயிர் வேரூன்றி, நீண்டு, கருமையாகும் என்கிறது. நேராகும் என்று சொல்லவில்லை. சுருளும் வறட்சியும் இரண்டு வேறு பண்புகள் என்பதில் இந்நூல்களுக்கு ஐயமே இருந்ததில்லை.

நேர்த்தியான நீள்கூந்தலுக்கு மதிப்பே இல்லை என்றும் இதனால் கொள்ளலாகாது. பாம்பு போல் முதுகில் தொங்கும் பின்னலைப் பாடாத இந்திய மொழி அரிது. அந்த வடிவம் எண்ணெயாலும் சீப்பாலும் பின்னலாலும் வந்தது. அடுத்த தலைமுழுக்கு வரை நீடித்தது. பிறகு கூந்தல் தன் இயல்புக்குத் திரும்பியது.

இரண்டும் ஒன்றான கதை

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மானிடவியல், மயிரின் வடிவத்தை இனப் பாகுபாட்டின் அளவுகோலாக எடுத்துக்கொண்டது. தாமஸ் ஹக்ஸ்லி போன்றோர் மனித குலத்தையே வழவழப்பான மயிரினர், கம்பளி மயிரினர் என்று பிரித்தனர். இந்தியாவில் 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பின் ஆணையராக இருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மக்களை உடலளவுகளின் வழியே வகைப்படுத்தினார். அவர் வகுத்த 'திராவிட வகை'யின் அடையாளங்களில், கறுத்த நிறம், அகன்ற மூக்கு ஆகியவற்றோடு, சில வேளைகளில் சுருளும் போக்குடைய அடர்ந்த மயிரும் இடம்பெற்றது. அளகம் என்று பாடப்பட்டது அளவுப் பட்டியலில் ஓர் இனக்குறியாயிற்று. இந்த ஒரு குறிப்பிலிருந்தே இன்றைய விளம்பரங்கள் பிறந்தன என்று சொல்வது மிகை. எனினும் சுருளை நிறத்தோடும் மூக்கோடும் சேர்த்துத் தரம்பார்க்கும் பழக்கத்துக்கு அறிவியலின் பெயரால் கிடைத்த ஒப்புதலைப் புறக்கணிக்கவும் இயலாது.

மற்றொரு மாற்றம் குளியலறையில் நிகழ்ந்தது. 'ஷாம்பு' என்ற சொல்லே இந்தியாவின் 'சாம்போ'விலிருந்து சென்றது. அழுத்திப் பிடித்துவிடு என்பது அதன் பொருள். 1759இல் பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலகம் நடத்தி இந்தச் சொல்லைப் புகழ்பெறச் செய்தார். எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதைக் குறித்த சொல், பிற்காலத்தில் எண்ணெயை அகற்றும் நுரையின் பெயராகித் தாயகம் திரும்பியது. பூவந்திக் கொட்டையும் சீயக்காயும் இருந்த இடத்தில் காரத்தன்மையுள்ள சோப்பு வந்தமர்ந்தபோது மயிரின் மேற்செதில்கள் விரிந்தன. சுருள்முடியில் தலையெண்ணெய் நுனிவரை எளிதில் இறங்குவதில்லை. ஆகவே வறட்சி அங்கேதான் முதலில் தெரிந்தது. சுருளும் வறட்சியும் ஒரே குறையாகப் பார்க்கப்பட்டது இவ்வாறுதான்.

வேதியியல் தந்த வழி

மயிர் என்பது கெரட்டின் என்னும் புரதம். அதன் இழைகளை இரண்டு வகைப் பிணைப்புகள் முதன்மையாகத் தாங்குகின்றன. ஹைட்ரஜன் பிணைப்புகள் மெலிந்தவை. நீர் பட்டால் அவிழ்ந்து, உலர்ந்தால் மீண்டும் சேர்பவை. கந்தக அணுக்களுக்கிடையிலான டைசல்பைடு பிணைப்புகள் வலியவை. வெறும் நீருக்கு அசையாதவை. பின்னலும் சீப்பும் எண்ணெயும் முதல் வகையோடு மட்டுமே உறவாடின.

இரண்டாம் வகையைத் திறக்கும் திறவுகோலை 1934இல் டேவிட் கோடார்டும் லியோனர் மைக்கேலிஸும் நியூயார்க்கில் கண்டனர். தயோகிளைக்காலிக் அமிலத்தின் உப்பு, மிதமான வெப்பநிலையிலேயே கெரட்டினின் கந்தகப் பிணைப்புகளை அவிழ்க்கும் என்பதே அந்தக் கண்டுபிடிப்பு. அழகு நிலையங்கள் அதை முதலில் பயன்படுத்தியது நேரான மயிரைச் சுருட்டுவதற்கே. அன்றைய மேற்கத்திய நாகரிகம் சுருளை விரும்பியது. நாகரிகம் மாறியதும் அதே வேதிப்பொருள் சுருளை நேராக்கப் பயன்பட்டது. அவிழ்ந்த பிணைப்புகள் யாவும் மீண்டும் சேர்வதில்லை. ஒவ்வொரு முறையும் இழை சிறிது வலுவிழக்கிறது.

பின்னர் வந்த 'கெரட்டின்' சிகிச்சைகள் பலவற்றில் வேலை செய்தது பார்மால்டிஹைடு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலமும் பாதுகாப்பானதாக இல்லை. அதைக் கொண்ட பூச்சால் கூந்தலை நேராக்கிய பின் ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட இளம்பெண் ஒருவரைப் பற்றி 2024இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதினர். தோல் வழியே புகுந்த அமிலம் உடலில் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படிந்ததை எலிகளிலும் அவர்கள் சோதித்துக் காட்டினர்.

நீள்கூந்தலின் வயது

நீண்ட கூந்தலுக்கு இவற்றால் நேரும் இழப்பு குட்டைமுடிக்கு நேர்வதைவிடப் பெரிது. மயிர் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளர்கிறது. ஆகவே 60 சென்டிமீட்டர் கூந்தலின் நுனிக்கு வயது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். அது உயிரற்ற இழை. புண்ணைப் போல ஆறாது. ஒருமுறை சிதைந்த பகுதி வெட்டப்படும் வரை சிதைந்தே இருக்கும். மயிர்க்காலின் வளைவைச் சிகிச்சை மாற்றுவதில்லை என்பதால் வேரில் புதிதாக வளர்வது சுருளாகவே வளரும். சில மாதங்களில் ஒரே தலையில் இரண்டு கூந்தல்கள் தோன்றும். அதை மறைக்க மறுபடியும் சிகிச்சை; பழைய பகுதியிலும் மருந்து படும்; இழை அறுபடும். 'நிரந்தரம்' என்று விற்கப்படுவது நிரந்தரமாய்த் தொடரவேண்டிய ஒரு செலவு.

கெடுக்காமல் நேராக்க வழி இல்லாமல் இல்லை. அது ஹைட்ரஜன் பிணைப்போடு நின்றுவிடும் பழைய வழி. தலைமுழுகுமுன் தேங்காயெண்ணெய் பூசுவது அதன் முதற்படி. கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் தடுக்காத புரத இழப்பைத் தேங்காயெண்ணெய் குறைக்கிறது என்று ஆர்த்தி ரேலே, ஆர்.பி. மோஹிலே ஆகிய மும்பை ஆய்வாளர்கள் 2003இல் காட்டினர். ஈரமயிர் எளிதில் நீண்டு அறுவதால், அகன்ற பற்களுள்ள சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுக்க வேண்டும். பாதிக்குமேல் உலர்ந்தபின் தளர்வாகப் பின்னியோ, தலையைச் சுற்றிப் படியச் சுருட்டிக் கட்டியோ முழுதும் உலரவிட்டால் சுருள் நீண்ட அலையாக விரிகிறது. சூடான இரும்பைப் பயன்படுத்துவதாயின் முழுவதும் உலர்ந்த மயிரில், குறைந்த வெப்பத்தில், ஒரு கற்றைக்கு ஒரே முறை. ஈரமயிரில் இரும்பு பட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குமிழ்களை உண்டாக்கி இழையை உடைக்கும்.

இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. மும்பையின் மழைக்காலமும் கொல்கத்தாவின் புழுக்கமும் சில மணி நேரத்தில் அதைக் கலைத்துவிடும். அடுத்த குளியலில் சுருள் திரும்பிவிடும். அந்தத் திரும்புதலே இழை கெடவில்லை என்பதற்குச் சான்று. திரும்பாத நேர்மையும் கெடாத இழையும் ஒரே கூந்தலில் சேர்ந்து இருப்பதில்லை.

சொரசொரப்பைக் கண்டு வருந்திய யட்சன் தேடியது எண்ணெயையும் மனைவியின் அருகாமையையும்தான். தன் சுருள்கூந்தலைக் கண்ணாடியில் கண்டு வருந்தும் இன்றைய பெண்ணும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: மாற்ற வேண்டியது வறட்சியையா, வடிவத்தையா? வறட்சி என்றால் மருந்து சமையலறையிலேயே இருக்கிறது. வடிவம் என்றால், ஒருநாள் விழாவுக்கு ஒரு பின்னல் போதும். அதற்குமேல் விலை கேட்பவர் யாராயினும், அந்த விலையில் நான்கு ஆண்டுக் கூந்தலும் சில வேளைகளில் உடல்நலமும் சேர்ந்திருக்கின்றன.