பகிடிக்கு யார் படியளப்பது? அம்பாறைக் கரையோரத்தில் நகைச்சுவை அரங்கின் பொருளாதாரம்

கிழக்கிலங்கைக் கூத்தின் ஆட்டம், தாளக்கட்டு, உடை, களரி அமைப்பு, வடமோடி தென்மோடி வேறுபாடு என ஒவ்வொன்றைப் பற்றியும் நல்ல ஆய்வுகள் உண்டு. களரியைச் சுற்றி இருந்த சனம் எதற்குச் சிரித்தது என்று கேட்டவர்கள் குறைவு. அந்தச் சிரிப்புக்கு யார் செலவழித்தார்கள் என்று கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. விருதும் விழாவும் நகைச்சுவை அரங்கை வளர்க்கமாட்டா. உள்ளூரில் அடிக்கடி, சிறிய அளவில், தலைப்பு விதிக்காமல் நடக்கும் இரவுகளுக்கே பொதுப்பணம் போக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். பகிடி ஒத்திகையில் முற்றுவதில்லை. சபை சிரிக்காத இடத்தை வெட்டி, சிரித்த இடத்தை நீட்டி, மறுபடியும் சபைக்கு முன் வைத்தால்தான் அது தேறும்.

இதை இந்தக் கரை முன்பே அறிந்திருந்தது. கண்ணகி வழிபாடு வேரூன்றிய ஊர்களில் கொம்புமுறி விளையாட்டுக்காக ஊர் இரண்டாகப் பிரியும்: கோவலன் பக்கம் வடசேரி, கண்ணகி பக்கம் தென்சேரி. வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கோத்து, வடம் பூட்டி, இரு சேரியாரும் இழுப்பார்கள். ஒன்று முறிந்ததும் வென்ற சேரி தோற்ற சேரியை வசைப்பாட்டால் கிழிக்கும். சிங்கள ஊர்களின் அங்கெலியவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. பத்தினி வழிபாடு பற்றிய தமது 1984 ஆம் ஆண்டு நூலில் கணநாத் ஒபயசேகர அதையும் அதன் கேலியையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வசை கேட்பவர் வெளியார் அல்லர். நேற்று ஒரே வயலில் நின்றவர், நாளை சம்பந்தம் பேச வரக்கூடியவர். செலவும் அவர்களுடையதே. பாடுகிறவரும் ஏச்சு வாங்குகிறவரும் காசு போடுகிறவரும் ஒரே கூட்டமாக இருந்ததால், எங்கே நிறுத்த வேண்டும் என்று எவரும் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கூத்திலும் கணக்கு ஏறக்குறைய இதுதான். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஆடுவோருக்கு அவரவர் பகுதியைப் பிரித்துச் ‘சட்டம் கொடுப்பார்’. மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும். சதங்கை அணி விழா, பிறகு அரங்கேற்றம். அதோடு முடியாது. கூத்தர்கள் வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். வாசலில் ஆடியவர்களுக்கு வீட்டார் இயன்றதைக் கொடுப்பார்கள். அரங்கியலாளர்கள் இதைப் பெரும்பாலும் சடங்காகவே வாசித்திருக்கிறார்கள். நான் இதை நிதித்திட்டமாகவும் வாசிக்கிறேன். ஒரே கூத்தனுக்கு ஒரே பகுதியைப் பல வாசல்களில், பல முகங்களுக்கு முன் ஆடிப்பார்க்கக் கூலியோடு வாய்ப்புக் கிடைத்தது. மகிடிக்கூத்தின் மந்திரவாதிக்கு இது இன்னும் அவசியம். அங்கே எழுதிய பாட்டைவிட நின்ற நிலையில் பிறக்கும் பேச்சே அதிகம்.

1950களின் பிற்பகுதியிலிருந்து பேராசிரியர் சு. வித்தியானந்தன் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழு வழியாகவும், பின்னர் பேராதனையில் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) போன்ற தயாரிப்புகள் வழியாகவும் கூத்துக்குப் பெற்றுத்தந்த மதிப்பை நாம் மறக்கக்கூடாது. பேராசிரியர் சி. மௌனகுருவின் வாழ்நாள் உழைப்பும் அந்த வழியில் வந்ததே. ஆனால் விடியவிடிய நடந்தது ஓரிரு மணி நேரத்துக்குள் சுருங்கியபோது, கதைக்கு வேண்டாததாகத் தோன்றிய இடைவெளிகளும் சுருங்கின. பகிடி குடியிருந்தது பெரும்பாலும் அந்த இடைவெளிகளில்தான் என்பது என் கணிப்பு. மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், மேடைக்குப் போகாமல் ஊர்க்களரிக்கே திரும்பியது. அதை அழகியல் தேர்வாக மட்டுமல்லாமல் பொருளாதாரத் தேர்வாகவும் பார்க்க வேண்டும்.

களரி சுருங்கிய காலத்தில் வானொலி கைகொடுத்தது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் ‘கோமாளிகள்’ நகைச்சுவை நாடகம் ஒலித்தபோது செலவு விளம்பரதாரருடையது. எஸ். ராமதாஸ் மரிக்காராக முஸ்லிம்களின் தமிழையும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழையும், எஸ். செல்வசேகரன் உபாலியாகச் சிங்கள வாடையடிக்கும் தமிழையும் பேசினார்கள். பி. எச். அப்துல் ஹமீட் ஐயரானார். 1976 இல் அது திரைப்படமாகவும் வந்தது. ஒருவர் மொழியை இன்னொருவர் பேசிச் சிரிக்கவைக்க முடிந்த காலம் அது. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வரும் இந்தக் கரையோர வீதியில் அதை நினைக்கும்போது ஏக்கம் வருகிறது. கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை ரைற்’ இன்னும் எளிமை: பஸ் கொண்டக்டராக ஒரே ஆள், காட்சியமைப்பு இல்லை. பிற்காலத்தில் அவர் கனடாவில் வாழ்ந்தபோதும் அந்தத் தனிநடிப்பே அவருடைய அடையாளமாக இருந்தது.

இன்றைக்கு என்ன இருக்கிறது? அறுபது தாண்டிய கலைஞருக்குக் கலாபூஷணம். பிரதேச செயலகத்தின் ஆண்டு விழாவில் சில நிமிடங்கள். அம்பாறையில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன 2004 சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனங்களின் விழிப்புணர்வு நாடகங்கள். அவை தேவையான செய்திகளைச் சொன்னவைதான். ஆனால் பணம் கொடுப்பவர் முடிவை முன்பே தீர்மானித்த நாடகத்தில் பகிடி கூலியாளாகத்தான் நிற்கும்.

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதல்ல. பிரித்தானியாவில் கொரோனாக் காலத்தில் நகைச்சுவைக் கூடங்கள் மூடப்பட்டபோது, 2020 இல் அத்துறையினர் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து, தங்கள் தொழிலும் கலைதான் என்று வாதாட வேண்டியிருந்தது. அங்கே பெரிய இசையரங்குகளின் நுழைவுச்சீட்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பவுண் எடுத்துச் சிறிய இசைக்கூடங்களுக்குக் கொடுக்கும் ஏற்பாட்டை அரசும் ஆதரிக்கிறது. நமக்கு இதற்குப் புதுச் சட்டமே வேண்டாம். உள்ளூராட்சி சபைகள் களியாட்ட வரி அறவிட 1946 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கல்முனை மாநகர சபையும் திருக்கோவில் பிரதேச சபையும் பெரிய இசை நிகழ்ச்சிகளில் பெறக்கூடிய அந்த வரியின் ஒரு பங்கைச் சிறிய இரவுகளுக்கென வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாக ஒதுக்கலாம்.

வினாயகபுரம் போன்ற ஓர் ஊரில் ஓர் இரவுக்கு என்ன வேண்டும்? பல்தேவைக் கட்டடம், பாய்கள், ஓர் ஒலிவாங்கி, மருதமுனையிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ வருபவருக்குக் கூலி, கடைசி பஸ் போன பிறகு அவர் வீடு திரும்ப ஓட்டோக் காசு. சில ஆயிரம் ரூபாயில் அடங்கும் இந்தச் செலவுக்குத்தான் எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

பொதுப்பணத்தில் ஒருவரை இழிவுபடுத்தலாமா என்ற கேள்வி நியாயமானது. பழைய பகிடியில் சாதி ஏளனமும் பெண் ஏளனமும் இருந்தன. கூத்துக்களரியில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். அதை மரபென்று காப்பாற்ற நான் கேட்கவில்லை. முஸ்லிம் ஊர்களின் நாட்டார் கவியில் மச்சானுக்குச் சுடச்சுடப் பதில் கொடுத்த மச்சியின் குரலுக்கு ஒலிவாங்கி கிடைக்க வேண்டும் என்றே கேட்கிறேன். கேலிக்குள்ளாகிறவரும் எழுந்து பதில் சொல்லும் அரங்கில்தான் கேலி திருந்தும். சிறைக்கூடம் அதைச் செய்யாது. 2023 மே மாதம் மேடை நகைச்சுவைக் கலைஞர் நடாஷா எதிரிசூரிய தமது மேடைப் பேச்சொன்றுக்காக, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் கைதானார். மேல் நீதிமன்றம் பிணை வழங்கியது ஜூலையில்தான். கொழும்பில், ஊடக வெளிச்சத்தில் இருந்தவருக்கே இந்த நிலை என்றால், கரையோரக் கிராமத்தில் முதல்முறை ஒலிவாங்கி பிடிக்கும் இளம்பெண்ணுக்குக் கூலியோடு சேர்த்து, சட்டத்தரணி ஒருவரின் தொலைபேசி இலக்கத்தையும் அந்த நிதித் தலைப்பே பெற்றுக்கொடுக்க வேண்டும்.