நீர்க்கட்டி: ஒரு தவறான பெயரின் 300 ஆண்டுக் கதை



பி.காம் படிக்கும் பெண்ணுக்கு மருத்துவ வரலாற்றில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஓசூரில் எங்கள் வகுப்பிலும் சரி, சிப்காட் பக்கம் வேலைக்குப் போகும் தோழிகளின் விடுதிகளிலும் சரி, "எனக்கு நீர்க்கட்டி இருக்காம்" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. கூடவே இன்னொரு வரியும் வரும்: "கல்யாணம் ஆனா சரியாயிடுமாம்!" பி.சி.ஓ.டி., பி.சி.ஓ.எஸ். என்றெல்லாம் சொல்லப்படும் இந்தப் பிரச்சினையோடு கல்யாணம் எப்படி ஒட்டிக்கொண்டது? அதன் வரலாற்றைப் பார்த்தால் ஓரளவு புரிகிறது.

குழந்தையில் தொடங்கிய கதை

1721-ல் இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ வல்லிஸ்நேரி, திருமணமாகியும் குழந்தை இல்லாத ஓர் இளம் கிராமத்துப் பெண்ணைப் பற்றி எழுதினார். அவளுடைய சினைப்பைகள் புறா முட்டை அளவில், வெண்மையாகப் பளபளத்தன என்பது அவர் குறிப்பு. இந்நோயைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள்.

பிறகு 1935. அமெரிக்காவின் சிகாகோ நகரில் இர்விங் ஸ்டெய்ன், மைக்கேல் லெவெந்தால் என்ற இரு மருத்துவர்கள், மாதவிடாய் நின்றுபோன 7 பெண்களின் சினைப்பையில் ஒரு பகுதியை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தார்கள். 7 பேருக்கும் மாதவிடாய் திரும்பியது. 2 பேர் கர்ப்பமானார்கள். பல ஆண்டுகள் இந்த நோய்க்கு 'ஸ்டெய்ன்-லெவெந்தால் நோய்' என்றே பெயர்! 1967-ல் கருமுட்டையை வெளிவரச் செய்யும் குளோமிஃபீன் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

கவனித்தீர்களா? சினைப்பை, குழந்தை. மருத்துவத்தின் கண் நெடுங்காலம் இந்த இரண்டின் மேலேயே இருந்தது. குழந்தை பற்றிய கேள்வி எழும்வரை கவலை வேண்டாம் என்ற நம் ஊர்ப் பேச்சும் அதே பார்வைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்சுலின் உள்ளே வருகிறது

1980-ல் ஒரு திருப்பம். இந்தப் பெண்களின் ரத்தத்தில் ஆண் ஹார்மோனோடு இன்சுலினும் அதிகமாக இருப்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையை ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்கத் தூண்டுகிறது. விளைவு, கருமுட்டைப் பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் முத்துமாலை போலத் தெரிவது இவைதான். அதாவது, 'கட்டி' என்பதே சரியான சொல் இல்லை! 2012-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவே, இந்தப் பெயர் குழப்புகிறது, மாற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது.

2003-ல் ராட்டர்டாம் நகரில் கூடிய வல்லுநர்கள் ஒரு விதி வகுத்தார்கள். ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்றும் உறுதி செய்ய வேண்டும். ஆக, ஸ்கேன் மட்டும் பார்த்து நோய் என்று முடிவு கட்ட முடியாது.

நம் பக்கத்து ஆய்வுகள்

ஓசூரிலிருந்து எல்லை தாண்டினால் ஆனேக்கல் வட்டத்தில் ஜிகனி. அங்குள்ள விவேகானந்த யோகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆந்திராவின் அனந்தப்பூரில் 15 முதல் 18 வயதுள்ள 460 மாணவிகளைப் பரிசோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். 9.13 சதவீதம் பேருக்கு இந்தப் பிரச்சினை இருந்தது. யாரும் குழந்தைக்காக மருத்துவரிடம் வந்தவர்கள் அல்லர், படிக்கும் பிள்ளைகள்!

2024-ல் வெளியான அகில இந்திய ஆய்வு 18 முதல் 40 வயதுள்ள 9,824 பெண்களைப் பார்த்தது. 1990-ம் ஆண்டின் பழைய விதிப்படி 7.2 சதவீதம், ராட்டர்டாம் விதிப்படி 19.6 சதவீதம். இறுதிச் சரக்கை மதிப்பிடும் முறையை மாற்றினால் லாபம் மாறுவதைப் போலத்தான் இதுவும். எந்த விதியை எடுத்தாலும் எண்ணிக்கை சிறியது இல்லை.

நாம் செய்ய வேண்டியது

ஷிப்ட் மாறி வேலை செய்யும் பெண்ணுக்குத் தேதி தள்ளிப்போனால் "நைட் ஷிப்ட், உடம்புச் சூடு" என்று விட்டுவிடுகிறார்கள். கல்யாணமாகாதவள் வெளியே சொன்னால் வேறு மாதிரி பேசுவார்களோ என்ற பயம் வேறு. அதனால் மாதங்கள் மௌனமாகக் கழிகின்றன. இவற்றைக் கவனியுங்கள்:

- 35 நாளுக்கு மேல் இடைவெளி, அல்லது ஆண்டுக்கு 8 முறைக்கும் குறைவான மாதவிடாய்
- தாடை, மேலுதட்டில் கரடுமுரடான முடி, தீராத பரு, தலைமுடி மெலிதல்
- கழுத்தின் பின்புறம் கருமை

ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது வரலாம். 90 நாட்கள் மாதவிடாய் வரவில்லை என்றால் கட்டாயம் மருத்துவரைப் பாருங்கள். உதிராமல் தடிக்கும் கருப்பை உள்வரி பின்னாளில் புற்றுநோய்க்கும் வழி வகுக்கலாம். மாதவிடாயை ஒழுங்குபடுத்தும் ஹார்மோன் மாத்திரை கல்யாணமாகாதவருக்கும் தேவைப்படுவது இதனால்தான். சர்க்கரைப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். நீரிழிவு வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம்.

முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை, ஆனால் கட்டுப்பாட்டில் வைக்கலாம். எடை கூடியவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிறது. வாரத்துக்கு 150 நிமிட வேக நடை நல்லது. தேவைப்பட்டால் மெட்ஃபார்மின், குழந்தை வேண்டும்போது லெட்ரோசோல் என மருத்துவர் முடிவு செய்வார். ராகிக் களியும் வெந்தயமும் நல்ல உணவுதான், ஆனால் அவை மட்டுமே சிகிச்சை ஆகாது.

ஓசூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது, கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. போகும்போது தேதிகள் குறித்த காலண்டரைக் கையோடு கொண்டு போங்கள். தாலி ஏறினால் இன்சுலின் இறங்காது தோழிகளே!

மீண்டும் வேறொரு தலைப்பில் சந்திப்போம்.