ஸ்பார்க்கும் மிப்ஸும்: இரு பணிநிலையச் செயலிகளின் ஒப்பீட்டு வரலாறு

ஸ்பார்க், மிப்ஸ் என்பன அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், ஏறக்குறைய ஒரே காலத்தில் உருவாகி, பின்னர் இருபது ஆண்டுகள் வரையில் பணிநிலையக் கணினி உலகில் ஒன்றற்கொன்று போட்டியாக நின்ற இரண்டு நுண்செயலிக் குடும்பங்களாகும். பணிநிலையம் என்பது ஒருவர் தனித்து உபயோகிக்கும் மேசைக் கணினியே எனினும், யந்திர வடிவமைப்பு, சில்லு வரைவு, விஞ்ஞானக் கணிப்பு, சித்திர சிருஷ்டி முதலிய கடினமான காரியங்களுக்கென அமைக்கப்பட்டது. சாதாரண அலுவலகக் கணினியினும் பன்மடங்கு வேகமும் விலையும் உடைய அவ்வகை யந்திரங்களில், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் செய்தவற்றுக்கு ஸ்பார்க்கும், சிலிக்கன் கிராஃபிக்ஸ் செய்தவற்றுக்கு மிப்ஸும் உயிர்நிலையாக இருந்தன. ஒரே சித்தாந்தத்திலிருந்து பிறந்த இவ்விரண்டும் எவ்விடத்தில் வேறுபட்டன, அவ்வேற்றுமை நடைமுறையில் எவ்வளவு பயன் தந்தது என்பது கணினி அமைப்பியலைக் கற்போர் ஊன்றி ஆராய வேண்டிய விஷயமாகும்.

மூலக் கொள்கை

1970ஆம் ஆண்டுகளில் செயலிகளை வடிவமைத்தோர், ஒரே கட்டளையால் பல காரியங்களைச் செய்விப்பதே திறமை என்று கருதி, கட்டளைகளின் எண்ணிக்கையையும் சிக்கலையும் ஆண்டுதோறும் பெருக்கி வந்தனர். இப்போக்குக்கு மாறாக, ஐ.பி.எம். நிறுவனத்தின் யார்க்டவுன் ஹைட்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜான் காக் என்பாரும் அவருடைய சகாக்களும், நிரல்களில் அடிக்கடி வழங்குவன எளிய கட்டளைகளே என்பதை அளந்தறிந்து, அவற்றை மட்டும் மிக விரைவாக நிறைவேற்றும் 801 என்னும் யந்திரத்தை உருவாக்கினர். இக்கருத்தையே பெர்க்லி சர்வகலாசாலையில் டேவிட் பேட்டர்சனும், ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் ஜான் ஹென்னஸியும், ஒருவரையொருவர் அறிந்தும் தனித்தனி வழியே சென்றும் வளர்த்தனர். பெர்க்லியில் 1980இல் தொடங்கிய முயற்சி, 44,420 டிரான்சிஸ்டர்கள் கொண்ட ரிஸ்க்-1 என்னும் சில்லாக 1982இல் வெளிப்பட்டது. ஸ்டான்ஃபோர்டில் 1981இல் தொடங்கிய முயற்சி மிப்ஸ் என்னும் பெயர் பெற்றது. இக்குறுக்கிய கட்டளைத் தொகுதி முறைக்கு ரிஸ்க் என்னும் பொதுப்பெயரே நிலைத்தது.

நிறுவனங்களின் தோற்றம்

ஹென்னஸியும் அவருடைய கூட்டாளிகளும் 1984இல் மிப்ஸ் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனத்தை நிறுவி, ஆராய்ச்சிச் சில்லை வியாபாரச் சில்லாக்கினர். ஆர்2000 என்னும் அதன் முதற் செயலி ஏறத்தாழ 1,10,000 டிரான்சிஸ்டர்களைக் கொண்டிருந்தது. சன் நிறுவனமோ 1982இல் ஆண்டி பெக்டோல்ஷைம், வினோத் கோஸ்லா, ஸ்காட் மெக்நீலி, பில் ஜாய் ஆகியோரால் அமைக்கப்பட்டுத் தொடக்கத்தில் மோட்டரோலா 68000 வரிசைச் செயலிகளையே வாங்கிப் பயன்படுத்தி வந்தது. அவற்றின் வளர்ச்சி தன் தேவைக்குப் போதாதென்று கண்டபின், பேட்டர்சனை ஆலோசகராகக் கொண்டு பெர்க்லி முறையைத் தழுவிய ஒரு கட்டளைத் தொகுதியை வகுத்து, 1987இல் சன்-4 என்னும் யந்திரத்தில் அதனை அறிமுகம் செய்தது. ஃபூஜிட்ஸு நிறுவனம் 20,000 கேட்டுகள் கொண்ட கேட் அரேயாகச் செய்து கொடுத்த அந்த முதல் ஸ்பார்க் 16.67 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. ஸ்டான்ஃபோர்டு வளாகத்திற் பிறந்த பணிநிலையத்தை மூலமாகக் கொண்ட சன், பெர்க்லியின் செயலி வழியை ஏற்றுக்கொண்டது என்பது இவ்வரலாற்றின் ஒரு விசித்திரம். ஸ்டான்ஃபோர்டில் ஆசிரியராயிருந்த ஜிம் கிளார்க் நிறுவிய சிலிக்கன் கிராஃபிக்ஸோ ஸ்டான்ஃபோர்டு வழியிலேயே நின்று, 1987 முதல் மிப்ஸ் செயலிகளைத் தன் யந்திரங்களில் அமைத்தது.

அமைப்பு வேற்றுமைகள்

இரண்டும் 32 பிட் நீளமுள்ள ஒரே அளவுக் கட்டளைகளை உடையவை. இரண்டிலும் நினைவகத்தைத் தொடும் அதிகாரம் ஏற்றும் கட்டளைக்கும் இறக்கும் கட்டளைக்கும் மட்டுமே உண்டு. இரண்டிலும், செயலிக்குள்ளேயே மதிப்புகளை வைக்கும் பதிவகங்களுள் ஒன்று எப்போதும் பூஜ்யத்தையே தரும். கிளைக் கட்டளையை அடுத்து வரும் ஒரு கட்டளை கிளைத்தலுக்கு முன்பே நிறைவேறும் வழக்கமும் இரண்டுக்கும் பொதுவானது. இவ்வளவு ஒற்றுமைகளுக்கிடையே பிரதானமான வேற்றுமை, பதிவகங்களை ஆளும் முறையில் அமைந்தது.

ஸ்பார்க்கில் ஒரு நிரற்பகுதிக்கு ஒரு சமயத்தில் 32 பதிவகங்கள் தோற்றும். அவற்றுள் 8 அனைவருக்கும் பொது. எஞ்சிய 24, உள்வருவன எட்டு, உள்ளூர்வன எட்டு, வெளிச்செல்வன எட்டு என மூன்று பகுதிகளாகப் பிரிந்து ஒரு சாளரமாக அமையும். ஒரு நிரற்பகுதி மற்றொன்றை அழைக்கும்போது சாளரம் நகர, அழைத்ததன் வெளிச்செல்லும் பதிவகங்களே அழைக்கப்பட்டதன் உள்வரும் பதிவகங்களாகிவிடுவதால், மதிப்புகளை நினைவகத்தில் எழுதி மீண்டும் படிக்கும் சிரமம் நீங்குகிறது. முதற் சில்லில் இத்தகைய சாளரங்கள் 7 இருந்தமையால் பதிவகங்களின் மொத்தத் தொகை 120 ஆயிற்று. ஆயினும் அழைப்புகள் சாளரங்களின் எண்ணிக்கையினும் ஆழமாகச் சென்றால், செயல்தளம் இடைமறித்துப் பழைய சாளரங்களை நினைவகத்திற்கு மாற்ற நேரிடும். ஒரு பணியிலிருந்து மற்றொரு பணிக்கு மாறும்போதும் காக்க வேண்டிய பதிவகங்கள் மிகுதி.

மிப்ஸ் இந்த உபாயத்தை ஏற்கவில்லை. எந்த மதிப்பை எந்தப் பதிவகத்தில் வைப்பது என்பதை நிரலை முழுதும் நோக்கிக் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பியே நன்கு நிர்ணயிக்கும் என்றும், அதற்கு 32 பதிவகங்கள் போதும் என்றும், மிச்சப்படும் சில்லுப் பரப்பையும் காலத்தையும் வேகத்திற்குச் செலவிடலாம் என்றும் ஹென்னஸியின் குழுவினர் கருதினர். கட்டட வேலையில் வரிசையாக நிற்பவர்கள் செங்கல்லைக் கைமாற்றுவது போலக் கட்டளைகளை ஐந்து நிலைகளில் கடத்தும் அதன் பைப்லைனில், ஏற்றிய மதிப்பு வந்து சேருமுன் அடுத்த கட்டளை அதைக் கேட்கலாகாது என்னும் விதியைக் காக்கும் பொறுப்பும் ஆதியில் தொகுப்பியிடமே விடப்பட்டது.

சிறு வேற்றுமைகளும் கவனிக்கத்தக்கவை. ஒப்பீட்டின் முடிவை ஸ்பார்க் நிலைக்குறிப் பிட்டுகளில் வைத்தது; மிப்ஸ் சாதாரணப் பதிவகத்திலேயே வைத்தது. மிப்ஸுக்குத் தொடக்கத்திலிருந்தே முழு எண் பெருக்கலும் வகுத்தலும் வன்பொருளில் இருந்தன. ஸ்பார்க்குக்குப் பெருக்கலைப் படிப்படியாகச் செய்யும் கட்டளை மட்டுமே இருந்து, அக்கட்டளைத் தொகுதியின் எட்டாம் பதிப்பில்தான் அக்குறை தீர்ந்தது. லிஸ்ப் போன்ற மொழிகளுக்கு உதவும் குறியிட்ட கூட்டல் கட்டளைகள் ஸ்பார்க்கின் தனிச் சிறப்பு.

முதல் தலைமுறை

போட்டியின் முதல் களம் 1989ஆம் ஆண்டாகும். சன் வெளியிட்ட ஸ்பார்க்ஸ்டேஷன் 1, தட்டையான சிறு பெட்டியில் 20 மெகாஹெர்ட்ஸ் செயலியை அடக்கி, வினாடிக்கு 1.25 கோடிக் கட்டளைகள் என்னும் அளவில் விளம்பரம் பெற்றது. டிஜிட்டல் நிறுவனம் ஆர்2000 செயலியைக் கொண்டு வெளியிட்ட டெக்ஸ்டேஷன் 3100, 16.67 மெகாஹெர்ட்ஸ் வேகமே உடையதாயினும் பெரும்பாலான பரீட்சைகளில் முந்தியது. காரணம் கட்டளைத் தொகுதியில் இல்லை. நினைவகத்தை அணுகும் முறையில் இருந்தது. கட்டளைக்கும் தரவுக்கும் தனித்தனிக் கேஷ் என்னும் விரைவு இடைநினைவகம் வைத்திருந்த மிப்ஸ், ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் இரண்டையும் தொட்டது. ஒரே கேஷை ஒரே வழியால் அணுகிய ஸ்பார்க், ஏற்றுதற்கு இரண்டு துடிப்புகளையும் இறக்குதற்கு மூன்று துடிப்புகளையும் செலவிட்டது. பதிவகச் சாளரங்களால் நினைவகப் போக்குவரத்தைக் குறைத்து ஈட்டிய லாபத்தின் பெரும் பகுதி இவ்வாறு கரைந்தது.

விளம்பர எண்களை நம்பி ஒப்பிடுவதன் தீமையை உணர்ந்தே, 1988இல் அப்போலோ, ஹியூலெட்-பேக்கர்டு, மிப்ஸ், சன் ஆகிய நான்கு நிறுவனங்களும் சேர்ந்து ஸ்பெக் என்னும் பொது அமைப்பை நிறுவி, மெய்யான பத்து நிரல்களைக் கொண்டு வேகத்தை அளக்கும் முறையை அடுத்த ஆண்டு வெளியிட்டன. அதிலும் மேட்ரிக்ஸ்300 என்னும் நிரல், தொகுப்பிகளின் சாமர்த்தியத்தால் மிகை மதிப்பெண் தரத் தொடங்கியதால், 1992ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டது. அளவுகோலையும் காலந்தோறும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

இரண்டாம் தலைமுறை

1991இல் வந்த ஆர்4000, மிப்ஸை 64 பிட் செயலியாக்கியது. அது பைப்லைனை எட்டு நிலைகளாக நீட்டி, துடிப்புக்கு ஒரு கட்டளை வீதம் 100 மெகாஹெர்ட்ஸில் ஓடும் வழியைத் தேர்ந்தது. 1992இல் வந்த சூப்பர்ஸ்பார்க் நேர்மாறான வழியை மேற்கொண்டு, ஒரு துடிப்பில் மூன்று கட்டளைகள் வரையில் நிறைவேற்றியது. 31 லட்சம் டிரான்சிஸ்டர்களும், கட்டளைக்கு 20 கிலோபைட், தரவுக்கு 16 கிலோபைட் கேஷும் அதன் உள்ளேயே இருந்தன. ஆனால் அவ்வளவு சிக்கலைத் தாங்கிய சில்லை வேகமாக ஓட்டுவது கடினமாயிற்று; ஸ்பார்க்ஸ்டேஷன் 10 யந்திரத்தின் 40 மெகாஹெர்ட்ஸ் 60 ஆவதற்குள், ஆர்4400 என்னும் மிப்ஸின் அடுத்த சில்லு 150ஐ எட்டி மேலும் உயர்ந்தது. தனிச் செயலியின் வேகத்தில் மிப்ஸ் முந்தியது. ஒரே பெட்டியில் நான்கு செயலிகள் வரையில் பொருத்தும் வசதியையும், ஸ்பார்க்குக்கென எழுதப்பட்ட ஏராளமான மென்பொருள்களையும் கொண்டு சன் விற்பனையில் முந்தியது. மிப்ஸின் 64 பிட் திறனும் உடனே பயன்படவில்லை. அதற்கேற்ற ஐரிக்ஸ் 6 செயல்தளம் 1994இல்தான் வந்தது. சன் தன் பங்குக்கு 1998இல் சொலாரிஸ் 7 வாயிலாக அந்நிலையை அடைந்தது.

மூன்றாம் தலைமுறை

1995இன் இறுதியில் அல்ட்ராஸ்பார்க்கும், 1996இன் தொடக்கத்தில் ஆர்10000மும் வந்தபோது ஒப்பீடு மேலும் நுட்பமாயிற்று. இரண்டும் 64 பிட். இரண்டும் துடிப்புக்கு நான்கு கட்டளைகள் வரையில் தொடங்க வல்லவை. அல்ட்ராஸ்பார்க் நிரலில் எழுதிய வரிசைப்படியே கட்டளைகளை நிறைவேற்றியது. ஆர்10000, தரவு வந்துசேர்ந்த கட்டளையை வரிசை மாற்றி முன்னதாக நிறைவேற்றி, முடிவுகளை மட்டும் வரிசைப்படி பதிவு செய்தது. இதற்காக நிரல் காணும் பதிவகங்களை உள்ளிருக்கும் 64 பதிவகங்களுக்கு அவ்வப்போது பெயர் மாற்றிக் கொடுத்தது. எப்போது எந்த மதிப்பு கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாத நிரல்களில் இம்முறை மிகுந்த பயன் தந்தமையால், துடிப்புக்குத் துடிப்பு ஒப்பிடின் ஆர்10000மே மேலானது. பெரிய பதிவகக் கூட்டத்தை உடைய ஸ்பார்க்கில் பெயர்மாற்றம் செய்வது கடினம் எனினும் இயலாததன்று. ஹால் நிறுவனத்தின் ஸ்பார்க்64 அதனைச் செய்து காட்டியது.

அல்ட்ராஸ்பார்க்குக்கும் ஒரு விசேஷம் இருந்தது. படத்தின் பல புள்ளிகளை ஒரே கட்டளையால் கணிக்கும் விஸ் என்னும் கட்டளைகள், அசையும் படங்களைச் சுருக்கி விரிக்கும் பணியைப் பெரிதும் விரைவுபடுத்தின. இதற்கு ஈடாக மிப்ஸ் வகுத்த எம்டிஎம்எக்ஸ் என்னும் விரிவு சிலிக்கன் கிராஃபிக்ஸ் பணிநிலையங்களில் இடம்பெறவேயில்லை. அந்நிறுவனம் சித்திரப் பணியைத் தனிச் சில்லுகளுக்கே ஒப்படைத்திருந்தது.

பயன்பாடு

திரைப்படத் துறை இவ்விரண்டின் இயல்பையும் நன்கு விளக்குகிறது. 1993இல் வெளிவந்த ஜுராசிக் பார்க் படத்தின் கணினி உருவங்களை வடிவமைத்தோர், கண்முன் உடனுக்குடன் உருவம் அசைய வேண்டியிருந்தமையால் சிலிக்கன் கிராஃபிக்ஸ் யந்திரங்களைப் பயன்படுத்தினர். 1995இல் வெளிவந்த டாய் ஸ்டோரி படத்தின் சட்டங்களை இறுதியாகத் தீட்டுதற்கோ, பல செயலிகள் கொண்ட ஸ்பார்க்ஸ்டேஷன் 20 யந்திரங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை இரவும் பகலும் இயங்கின. மிப்ஸின் எளிமை அதனைப் பணிநிலையத்திற்கு வெளியேயும் கொண்டு சென்றது. சோனியின் முதல் பிளேஸ்டேஷனும் நின்டெண்டோ 64உம் மிப்ஸ் வழிச் செயலிகளையே உடையவை.

மறைவும் எச்சமும்

ஸ்பார்க், மிப்ஸ் இரண்டின் வீழ்ச்சிக்கும் காரணம் அவற்றின் தம்முட் போட்டி அன்று. 1995இல் இன்டெல் வெளியிட்ட பென்டியம் ப்ரோ, பழைய சிக்கலான கட்டளைகளை உள்ளுக்குள் எளிய கட்டளைகளாகப் பிரித்து, வரிசை மாற்றியும் நிறைவேற்றி, முழு எண் கணிப்பில் பணிநிலையச் செயலிகளுக்கு இணையாக நின்றது. கோடிக்கணக்கில் விற்கும் சில்லுக்குச் செலவிடும் பொருளை, சிறிய அளவில் விற்கும் சில்லுக்குச் செலவிட எவராலும் இயலவில்லை. மிப்ஸ் நிறுவனத்தை 1992இல் வாங்கியிருந்த சிலிக்கன் கிராஃபிக்ஸ், 1998இல் அதனைப் பிரித்து விட்டு இன்டெலின் இட்டேனியம் செயலியை நாடிச் சென்றது. அதன் மிப்ஸ் யந்திரங்களின் உற்பத்தி 2006இன் இறுதியில் நின்றது. சன் நிறுவனத்தை 2010இல் ஆரக்கிள் வாங்கியது. ஆரக்கிளின் இறுதி ஸ்பார்க் செயலியான எம்8 2017இல் வெளிவந்தது. எனினும் ஃபூஜிட்ஸுவின் ஸ்பார்க்64 செயலிகளால் ஆகிய ஜப்பானின் கே கணினி, 2011 ஜூனில் உலகின் அதிவேகக் கணினியாக விளங்கியது. 2015 ஜூலையில் புளூட்டோவைக் கடந்து சென்ற நியூ ஹரைசன்ஸ் விண்கலத்தை இயக்கியது ஆர்3000 வழிவந்த செயலியே. பேட்டர்சனும் ஹென்னஸியும் 2017ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைச் சேர்ந்து பெற்றனர்.

மதிப்பீடு

ஸ்பார்க், மிப்ஸ் ஒப்பீட்டில் நுணுகி நோக்குவோருக்குப் புலப்படுவது யாதெனில், கட்டளைத் தொகுதிகளின் வேற்றுமையைக் காட்டிலும், அவற்றைச் சில்லாக்கிய முறையும், கேஷின் அமைப்பும், தொகுப்பியின் தரமும், வெளியீட்டின் காலமுமே ஒவ்வொரு தலைமுறையிலும் வெற்றியை நிர்ணயித்தன என்பதாம். 2010இல் பெர்க்லியில் தொடங்கி, சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலிக்கும் அடிப்படையாகிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதி, ஸ்பார்க்கின் பதிவகச் சாளரங்களையும் ஏற்கவில்லை. இரண்டுக்கும் பொதுவாயிருந்த கிளைத் தாமதத்தையும் ஏற்கவில்லை. ஒரே அளவான எளிய அடிப்படைக் கட்டளைகள், 32 பதிவகங்கள், நினைவகத்தைத் தொடும் கட்டளைகளின் கட்டுப்பாடு ஆகியவற்றை மட்டும் ஏற்றுக்கொண்டது. ஒரு காலத்தின் சில்லுப் பரப்புக்கும் வேகத்துக்கும் ஏற்பச் செய்த உபாயங்கள் அக்காலத்தோடு கழிந்தன. அளந்தறிந்த பின்பே அமைக்க வேண்டும் என்னும் நெறியிலிருந்து பிறந்த பொது அம்சங்களோ இன்றும் நிலைத்திருக்கின்றன.